பாட்டில் கேட்பவருக்கு ஒரு பக்கம் இல்லை

நரம்பு வழியாக ஏற்றும் திரவங்கள் பற்றி பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டியைத் திரும்பப் படித்தேன். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் பெரியவர்களுக்கானது. நல்ல ஆவணம்தான். டிரிப்பையும் மருந்து மாதிரி அளந்து எழுதச் சொல்கிறது: ஒரு நாளைக்கு, எடையில் கிலோவுக்கு 25–30 மி.லி. தண்ணீர், சோடியம், பொட்டாசியம், குளோரைடு தலா சுமார் 1 மில்லிமோல். வாயால் குடித்தே சமாளிக்க முடிந்தால் ஏற்றாதே என்கிறது.

ஆனா தஞ்சாவூர்ப் பக்கம் வெச்சுப் பார்த்தா ஒரு ஓட்டை தெரியுது. டிரிப் போட்டால் ஏன் என்று நோயாளிக்கு விளக்கச் சொல்கிறது; போடாவிட்டால் எப்படி விளக்குவது என்று சொல்லவில்லை. இங்கே கேட்பதே நோயாளிதான். நடவு முடிஞ்சு உடம்பு வலியோட வர்றவங்க, "ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க டாக்டர்"ங்கிறாங்க. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரை. உப்பு துளியும் கிடையாது. வியர்வையில் போனதோ உப்பும் தண்ணியும். அதையே பாட்டில் பாட்டிலாக ஏற்றினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பே வரலாம்.

இன்னொன்று: கர்ப்பிணிகளையும் சர்க்கரை நோயாளிகளையும் இந்த வழிகாட்டி சேர்க்கவில்லை. நம்ம ஊர் கிளினிக் வாசலில் காத்திருப்பது அவர்களும்தானே?

1971-இல் பங்கான் அகதி முகாமில் காலரா. டிரிப் கையிருப்பு தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானோரைக் காப்பாற்றினார். அதன் வழிவந்த பொட்டலம்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்று இலவசமாகக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாட்டில் கேட்டு வந்தவரை இதைக் குடிக்க வைப்பது எப்படி? நம்ம ஊருக்கு ஒரு வழிகாட்டி எழுதினால் முதல் பக்கம் அதுவாகத்தான் இருக்கணும்.