சிலப்பதிகாரத்தில் வணிகமும் மகளிரும்

சிலப்பதிகாரம் வணிகர் குடியிற் பிறந்தார் வரலாற்றைக் கூறும் காப்பியம். கண்ணகியின் தந்தை மாநாய்கனைக் கடல்வணிகன் என்றும், கோவலனின் தந்தை மாசாத்துவானை நிலவழி வணிகர் தலைவன் என்றும் அறிஞர் கொள்வர். கதை தொடங்குவது புகார்ப் பட்டினத்தில். திரும்புவது மதுரையின் கடைவீதியில். அத்திருப்பத்திற்கு வாயிலாவது ஒரு விற்பனை. இவ்வாறிருந்தும் இந்நூலைப் பற்றிய பேச்சு, பெரும்பாலும் கற்பின் திறம், ஊழின் வலி, அரச நீதி என்னும் மூன்றையே சுற்றி வருகின்றது. விற்பனைக்குச் சென்ற பொருள் எவருடையது, அதனை விற்கச் சென்றவர் எவர் என்னும் எளிய வினா அப்பேச்சின் நிழலில் மறைந்து கிடக்கின்றது. அவ்வினாவினூடாக நோக்குங்கால், காப்பியத்தின் துன்பம் பிறிதொரு பொருளையும் உணர்த்துதல் புலனாகும்.

மகளிர் வாணிகம் செய்தமை தமிழிலக்கியத்திற்குப் புதிய செய்தி அன்று. அம்மூவனார் பாடிய அகநானூற்று 140ஆம் பாட்டில், உமணர் மகள் ஒருத்தி நெல்லுக்கு உப்பு மாறுமாறு கூவிச் செல்கின்றாள். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை காட்டும் ஆய்மகள் இவளினும் தேர்ந்தவள். வைகறையில் தயிர் கடைந்து, மோரைத் தலைச்சுமையாகக் கொண்டு சென்று விற்று, அதனாற் பெற்றதைக் கொண்டு தன் சுற்றத்தாரை உண்பிக்கின்றாள். நெய்யை விற்குமிடத்து அவள் பசும்பொன்னை விலையாகக் கொள்வதில்லை. அதற்கு ஈடாக எருமையையும் நல்ல பசுவையும் கரிய நாகினையும் பெறுகின்றாள். பொன் பேழையிற் கிடக்கும். பசுவோ பாலும் தரும், கன்றும் தரும். வருவாயை மீண்டும் முதலாக்கும் இவ்வறிவே வாணிகத்தின் அடிப்படை. புலவர் இதனை வியந்து கூறினாரல்லர். நாள்தோறும் நிகழ்வதொன்றாகவே கூறிச் செல்கின்றார்.

ஆயின், உப்பு, மீன், மோர், நெய், கள் முதலிய சிறு பண்டங்களே இம்மகளிர் கையாண்டவை. அவர்தம் வாணிகம் தலைச்சுமையின் அளவினது. மருவூர்ப்பாக்கத்தை வருணிக்கும் இளங்கோவடிகள் கள் விற்கும் மகளிரைப் பெண்பாற் பெயராலேயே சுட்டுகின்றார். பெருங்குடி வணிகர் இல்லத்து மகளிரைக் கடையிலோ துறையிலோ காட்டினாரல்லர். கண்ணகிக்குப் பன்னீராண்டளவில் திருமணம் நிகழ்கின்றது. பின்னர்த் தனிமனை அமைகின்றது. அங்கு அறவோர்க்கு அளித்தலும், துறவோரை எதிர்கொள்ளுதலும், விருந்தோம்புதலும் அவளுக்குரிய கடமைகள். குலச்செல்வம் குன்றெனக் கிடந்து கரைந்து போகும்வரை, அதன் வரவு செலவு பற்றி அவள் ஒரு சொல் வினாவியதாகவும் காப்பியம் கூறவில்லை. மோர் விற்கும் ஆய்மகளுக்கு இருந்த கணக்கறிவும் ஆட்சியும் மாநாய்கன் மகளுக்கு வாய்க்கவில்லை. குடியின் செல்வம் பெருகுந்தோறும் அதனை ஆளும் உரிமையில் பெண்ணின் பங்கு சுருங்கிற்று என்பது இவ்விரு நூல்களையும் ஒருங்குவைத்துக் காண்பார்க்குத் தெளிவாகும்.

புகாரில் ஒரு பெண் பெருந்தொகைக்கு விற்பனை செய்யும் காட்சி இல்லாமல் இல்லை. நகர நம்பியர் திரியும் மறுகிற் கூனி ஒருத்தி மாதவியின் மாலையை ஏந்தி நிற்கின்றாள். அதன் விலை 1008 கழஞ்சுப் பொன். மாலையை வாங்குவோன் மாதவிக்குக் கணவனாவான் என்பது விற்பனையின் நிபந்தனை. எனவே, ஈண்டு விற்பவள் பெண், விற்கப்படுவதும் பெண்ணே, வாங்கும் உரிமை மட்டும் ஆடவனுக்கு உரியது. மாதவி தான் கற்ற கலையால் அரசவையில் பெற்ற பரிசு, அவளை விலைப்பொருளாக்கும் கருவியாக மாறிவிடுகின்றது.

இனிச் சிலம்பின் செய்தியை நோக்கலாம். பொருளிழந்து மனை திரும்பிய கோவலனை நோக்கிக் கண்ணகி தன் சிலம்புகள் உள்ளன என்கின்றாள். அவன் அவற்றையே முதலாகக் கொண்டு மதுரையில் வாணிகம் செய்து, இழந்த பொருளை ஈட்ட எண்ணுகின்றான். முதல் கண்ணகியுடையது, முயற்சி கோவலனுடையது. எந்த ஊரில் விற்பது, எவரிடம் விற்பது, என்ன விலைக்கு விற்பது என்பவற்றுள் ஒன்றிலேனும் முதலுக்குரியவளின் கருத்துக் கேட்கப்படவில்லை. மதுரையில் அவள் தங்கியிருப்பது மாதரியின் மனையில். மோர் விற்று வாழும் ஆய்ச்சியர் நடுவில். நாள்தோறும் கடைத்தெருவுக்குச் சென்று மீளும் மகளிர் வாழும் அச்சேரியில், வணிகர் மகள் அடைக்கலப் பொருளாக இருக்கின்றாள். சிலம்பில் ஒன்றைக் கொண்டு புறப்பட்ட கோவலன், முன்னறியாத பொற்கொல்லன் ஒருவனிடம் அதன் விலையை மதிக்குமாறு கேட்டு உயிரிழக்கின்றான்.

வழக்குரை காதையிற் கண்ணகி தன் காற்சிலம்பை விற்க வந்தே தன் கணவன் கொலையுண்டான் என்கின்றாள். பொருள் தன்னுடையது என்னும் உரிமையை அவள் வெளிப்படக் கூறும் இடம் இது. பின்னர்ச் சிலம்பின் உள்ளீடு மாணிக்கப் பரல் என்று உரைக்கின்றாள்; அரசியின் சிலம்பின் பரல் முத்து என்கின்றான் பாண்டியன். வணிகத்தில் முதன்மையானது சரக்கின் அடையாளத்தை ஐயமற உரைத்தல். அதனைக் காப்பியத்தில் உரைப்பவள் கண்ணகியே. கடைவீதியில் இடம் பெறாத அவ்வறிவு, கணவன் இறந்த பின் அவைக்களத்திலேயே பயன்படுகின்றது. கண்ணகியின் சீற்றத்தை வியப்போர் அவள் கூற்றிலுள்ள இத்தெளிவையும் வியத்தல் வேண்டும்.

கோவலனுக்குப் பதிலாகக் கண்ணகி சென்றிருப்பின் பொற்கொல்லன் வஞ்சகம் பலித்திராதோ எனின், அவ்வாறு துணிதற்கு இடமில்லை. விசாரணையின்றிக் கொல்ல முற்பட்டோர் அவளையும் கள்ளி எனக் கூறியிருத்தல் கூடும். ஊழே யாவற்றையும் செலுத்திற்று என்பதும் நூலின் கொள்கையே. ஆயினும், ஊழ் தொழிற்படுதற்கும் ஒரு வழி வேண்டும். உரியவள் ஒருத்தியாகவும் விற்பவன் ஒருவனாகவும் அமைந்த ஏற்பாடு அவ்வழிகளுள் ஒன்றாயிற்று. அடிகள் இதனைக் கண்டித்துரைத்தாரல்லர். ஆய்ச்சியர் சேரியையும் அரசவையையும் அடுத்தடுத்து நிறுத்தி, கற்பார் தாமே உணரவிட்டார்.

இவ்வேற்பாடு காப்பியத்தோடு ஒழிந்ததன்று. 1707ஆம் ஆண்டு ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பெற்ற தேசவழமை பெண்ணுக்குச் சீதனவுரிமையை ஏற்றுக்கொண்டது. அவ்வழமைக்குட்பட்டோரின் திருமண உரிமைகள், மரபுரிமை பற்றிய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமோ, மணமான பெண் தன் அசையும் பொருளைத் தானே விற்கலாம் என்றும், தன் நிலத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்றும் விதித்தது. அதாவது, சிலம்பை விற்கும் உரிமை கிட்டிற்று. நிலத்தை முதலாக்கும் உரிமை கிட்டவில்லை. சந்தையிற் கடகத்தோடு அமர்ந்து மரக்கறி விற்பதற்கு எவர் சம்மதமும் வேண்டியதில்லை. தன் காணியை ஈடுவைத்துக் கடையொன்று திறப்பதற்கோ கணவன் கையொப்பம் வேண்டியதாயிற்று. தலைச்சுமைக்கும் பெருவாணிகத்திற்கும் இடையிலிருந்த பழைய எல்லையே சட்டத்திலும் வரையப்பட்டது. கணவன் நியாயமின்றி மறுப்பின் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம் என்னும் வழி இருந்தது உண்மை. ஆயின், அவ்வழியே செல்பவளும் தன் பொருள் தன்னுடையது என்பதை, கண்ணகியைப் போல, அவையேறி வழக்குரைத்தே நிலைநாட்ட வேண்டியவளானாள்.

மங்கல வாழ்த்துப் பாடல் தொடங்கி வழக்குரை காதை ஈறாகச் சிலப்பதிகாரத்தைப் பயிலும் மாணவர், கற்பின் தெய்வத்தைக் காணும் அதே பொழுதில், தன் முதலை ஆளப்பெறாத வணிகர் மகள் ஒருத்தியையும் காண்பாராக. அவளைக் காணாதவிடத்துக் காப்பியத்தின் பாதி மட்டுமே கற்கப்பட்டதாகும்.