வாசிப்பவர்களோடு சேர்ந்து வாசிக்கும் மண்டபம்

கச்சேரியை அலசும்போது வித்வானின் கைவண்ணத்தைப் பேசுகிறோம். அவர் வாசித்த மண்டபத்தை மறந்துவிடுகிறோம். கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் பிலஹார்மோனிக் மண்டபத்தை அப்படி மறக்க முடியாது. இரட்டைக் கோபுரத்தின் அடியில் 1998 ஆகஸ்ட் 17 அன்று அது திறந்தது. ஆசியப் பொருளாதார நெருக்கடியில் ரிங்கிட் தள்ளாடிய நேரம் அது. அந்த நெருக்கடியிலும், டச்சு நடத்துநர் கீஸ் பேக்கல்ஸ் தலைமையில் மலேசிய பிலஹார்மோனிக் இசைக்குழு அங்கே மேடையேறியது.

மண்டபத்தின் பலம் அதன் நீள்செவ்வக வடிவம். 1870இல் வியன்னாவில் திறந்த மியூசிக்ஃபெராயின் அரங்கும் இதே குடும்பம்தான். வயலின் நாதம் நேராகக் காதுக்கு வருகிறது. பக்கச் சுவரில் பட்டதும் கணநேரத்தில் பின்தொடர்கிறது. இரண்டும் கலப்பதைத்தான் நிறைவான ஒலி என்று உணர்கிறோம். முழு இசைக்குழுவுக்குச் சுமார் 2 விநாடி எதிர்முழக்கம், அதாவது ஒலி அடங்க எடுக்கும் நேரம், பொருந்தும். பேச்சுக்கு 1 விநாடி போதும். இங்கே கூரைப் பலகைகளை ஏற்றி இறக்கி, நிகழ்ச்சிக்கு ஏற்ப ஒலியைச் சீராக்கலாம். அதனால் சிம்பொனியும் ஜாஸும் தனிப் பியானோவும் ஒரே மேடையில் எடுபடுகின்றன. மேடைக்குப் பின்னால் ஜெர்மனியின் கிளைஸ் நிறுவனம் செய்த பைப் ஆர்கன் வேறு. மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை எல்லாம் கேட்கும்.

ஆனால் பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங் போன்ற நம் ஊர்ப் பக்கம் நம் காது வளர்ந்தது ஒலிபெருக்கியில். வெறும் சிமெண்டுச் சுவர், டைல்ஸ் தரை, தகரக் கூரை: நம் ஊர் மண்டபங்களில் தவிலின் ஒரு அடி அடங்குமுன் அடுத்தது வந்து மோதுகிறது, நாதஸ்வரத்தின் நுணுக்கமான கமகம் அதில் கரைந்துபோகிறது. சத்தத்தைக் கூட்டினால் குழப்பமும் கூடும். பின்சுவரில் ஒலியை உறிஞ்சும் பலகை, பக்கங்களில் கனத்த திரை என்று தொடங்கினாலே பெரும் மாற்றம் தெரியும். அதற்குக் கோபுரம் கட்டும் காசு தேவையில்லை. மண்டபம் எழுப்பும் நிர்வாகக் குழுக்கள் வர்ணத்துக்கு முன் இதைத் திட்டமிட வேண்டும்.

2025 மார்ச்சில் இளையராஜாவின் சிம்பொனி லண்டனில் ஒலித்தபோது பூரித்தோம். அந்தப் பூரிப்பு நம் பிள்ளைகளின் காதுக்கும் போய்ச் சேரட்டும். 2006இல் உருவான மலேசிய பிலஹார்மோனிக் இளையோர் இசைக்குழு, நாட்டின் இளம் வாத்தியக்காரர்களுக்கு பெட்ரோனாஸ் மண்டபத்தின் மேடையைத் திறந்துவிட்டிருக்கிறது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு பேருந்தாவது அங்கே அனுப்பட்டும். மண்டபமும் கிராமப்புற மாணவர்களுக்கு இருக்கை ஒதுக்கட்டும். முதலில் கேட்கட்டும், வாசிக்கும் ஆசை அங்கிருந்துதான் பிறக்கும்.