உள்ளுறை: பேசுவது யார்?

'உள்ளுறை என்பது நம்முடைய குறியீடு' என்கிற வாக்கியம் தமிழ் விமர்சனத்தில் ரொம்ப நாளாகப் புழங்குகிறது. எம்.ஏ. தமிழ் படித்த எங்களில் அதைத் தேர்வில் எழுதாமல் தப்பித்தவர்கள் குறைவு. மேற்கில் இருப்பது இங்கேயும் உண்டு என்று காட்டியாச்சு. அதோடு பேச்சு முடிந்துபோகிறது.

குறுந்தொகை 8ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். ஆலங்குடி வங்கனார் பாடியது. வயலோர மாமரத்திலிருந்து முற்றி உதிர்கிற பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வுகிறது. அப்படிப்பட்ட ஊர்க்காரன் தலைவன். மீன் மரம் ஏறவில்லை, பழம்தான் வந்து விழுந்தது. 'நான் இழுக்கவில்லை, அவனாக வந்தான்' என்பது உள்ளே கிடக்கிற பொருள். சொல்பவள் காதற்பரத்தை. தன்னைப் பழித்த தலைவியின் ஆட்கள் காதில் விழும்படி சொல்கிறாள் என்கிறது கூற்றுக்குறிப்பு.

குறியீடு என்று பெயர் வைத்ததும் இந்தப் பெண் காணாமல் போகிறாள். பிரெஞ்சுக் குறியீட்டியக்கத்தின் வழியில் வந்த அந்தச் சொல் கவிஞனின் அகத்தைத்தான் தேடச் சொல்கிறது. தொல்காப்பியம் கேட்பது வேறு: பேசுவது யார்? தலைவி தான் அறிந்ததை வைத்தே உவமிக்க வேண்டும். தோழி தன் நிலத்தைத் தாண்டக் கூடாது. தலைவன் பேச்சில் உரன் தெரிய வேண்டும். ஏனையோருக்கு இட வரையறை இல்லை. உவமவியல் இப்படிப் பங்கு பிரிக்கிறது.

இதை வெறும் அணியிலக்கணமாக என்னால் வாசிக்க முடியவில்லை. ஒரு பெண்ணுக்கு என்னென்ன தெரிந்திருக்கலாம் என்பதற்கே வேலி போடுகிற காரியம் இது. குடும்பத்துக்குள் இருப்பவளுக்கு அளந்து கொடுத்த அறிவு. பரத்தை அந்த 'ஏனையோர்' வரிசையில்தான் நிற்கிறாள் என்பது என் வாசிப்பு. வீட்டில் இடமில்லாதவளுக்கு மொழியில் எல்லை இல்லை!

மாம்பழமும் வாளையும் தலைவிக்குத் தெரியாததா என்று கேட்கலாம். தெரியும். ஆனால் அவள் வாயில் அதே மீன் வந்தால் பொருள் புரண்டுவிடும். தன் மரத்துப் பழம் போய்விட்டதே என்கிற புகாராகிவிடும். மீன் எதைக் குறிக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இந்தப் புரளல் கண்ணில் படாது.

இன்னொன்றும் உண்டு. தன்னைப் பற்றிய செய்தியை உள்ளுறையில் வைத்தவள், மனைவி முன்னால் அவன் ஆடுகிற ஆட்டத்தைச் சொல்லும்போது எதையும் மறைக்கவில்லை. கண்ணாடிக்குள் தெரிகிற பாவை மாதிரி, மகனைப் பெற்றவள் கை தூக்கினால் அவனும் தூக்குகிறான் என்று பச்சையாகவே உவமிக்கிறாள்.