மாமல்லபுரம் மகிஷாசுரமர்த்தினி புடைப்புச் சிற்பம்: அமைப்பும் அழகும்

மாமல்லபுரத்தில் கலங்கரை விளக்கத்தை ஒட்டிய குன்றில் மகிஷாசுரமர்த்தினி குடைவரை உள்ளது. அதன் வடக்குச் சுவர் முழுவதையும் நிறைத்திருப்பது துர்க்கை மகிஷாசுரனோடு போரிடும் காட்சி. கி.பி. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் கலையின் உச்சங்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மாமல்லபுரத் தொகுதியில் இக்குடைவரையும் அடங்கும். தாம்பரம், வண்டலூர்ப் பகுதிப் பள்ளிகளிலிருந்து கேளம்பாக்கம் வழியாக வரும் சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதங்கள் ஆகியவற்றோடு திரும்பிவிடுகின்றன. குன்றேற நேரமிருப்பதில்லை.

இச்சிற்பத்தைத் 'துர்க்கை மகிஷனை வதம் செய்யும் காட்சி' என்று கூறுவது வழக்கம். சுவரில் வதம் இல்லை. இதே ஊரில் திரிமூர்த்திக் குடைவரையின் வெளிப்புறத்தில் துர்க்கை வெட்டுண்ட எருமைத் தலையின்மீது நிற்கிறாள். அங்கே போர் முடிந்துவிட்டது, அது வழிபாட்டுக்குரிய வடிவம். இங்கே போர் நடந்துகொண்டிருக்கிறது. முடிவுக்குச் சற்று முந்தைய கணத்தைச் சிற்பி தேர்ந்தெடுத்திருக்கிறார். இச்சிற்பத்தின் அழகு முழுவதும் அந்தத் தேர்விலிருந்து பிறப்பது.

பார்ப்பவருக்கு இடப்புறம் எட்டுக் கைகளுடன் துர்க்கை. சிங்கத்தின்மீது அமர்ந்து வில்லை நாணேற்றி இழுக்கிறாள். மெல்லிய, நிமிர்ந்த உடல். போரின் கடுமை முகத்தில் இல்லை. வலப்புறம் எருமைத் தலையும் மனித உடலுமாக மகிஷன். உருவத்தில் அவனே பெரியவன். இரு கைகளாலும் கனத்த தண்டைப் பற்றியிருக்கிறான். ஆனால் அவன் உடல் பின்னோக்கிச் சாய்ந்துள்ளது. கால்கள் விலகிச் செல்லத் தொடங்கிவிட்டன. தலை மட்டும் தேவியை நோக்கித் திரும்பியிருக்கிறது. யார் வெல்வார் என்பதைச் சொல்ல ஒரு சாய்வுக்கோடு போதுமானதாக இருந்திருக்கிறது. இரத்தமோ, பாய்ந்த அம்போ, அறுந்த தலையோ தேவைப்படவில்லை.

தேவியைச் சூழ்ந்து வரும் குள்ளமான, தொந்தி பெருத்த பூதகணங்கள் விளையாடப் போகும் பிள்ளைகளைப் போல முன்னேறுகின்றன. நெடிய உடல் கொண்ட அசுர வீரர்களோ சரிந்தும் பின்வாங்கியும் காணப்படுகின்றனர். சிறியவை முன்னேற, பெரியவை பின்வாங்குகின்றன. இந்த முரண் மகிஷனின் உருவத்திலும் எதிரொலிக்கிறது. இருவர் தலைக்கு மேலும் குடை உண்டு. தோற்கப்போகிறவனுக்கும் அரச மரியாதையைச் சிற்பி மறுக்கவில்லை. எதிரியைக் கேலிப்பொருளாக்கியிருந்தால் தேவியின் வெற்றியும் சிறுத்துப் போயிருக்கும்.

சுவர் அமைந்துள்ள இடமும் கவனிக்கத்தக்கது. குடைவரை கிழக்கு நோக்கியது. எனவே தேவி கருவறைப் பக்கமிருந்து வருகிறாள். மகிஷன் வாயிற்பக்கம் தள்ளப்படுகிறான். படைப்பின் திசையும் கட்டடத்தின் திசையும் ஒன்றாகிவிடுகின்றன. இதை நிழற்படத்தில் காண முடியாது.

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலப் புராண ஓவியங்களைப் படிக்கும் மாணவர்கள் தித்தியன் 1520–23இல் வரைந்த 'பாக்கசும் அரியாட்னியும்' ஓவியத்தை இதனோடு ஒப்பிடலாம். இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள அவ்வோவியத்தில் மதுக் கடவுள் பாக்கசு தேரிலிருந்து குதிக்கிறான். கால் இன்னும் தரையைத் தொடவில்லை. கைவிடப்பட்ட அரியாட்னியின் உடல் கடற்பக்கம் திரும்பியிருக்க, முகம் மட்டும் அவனை நோக்கித் திரும்புகிறது. உடல் ஒரு திசை, பார்வை மறு திசை என்னும் இதே உத்தியைப் பல்லவச் சிற்பி ஏறத்தாழ 850 ஆண்டுகளுக்கு முன்பே கையாண்டிருக்கிறார். ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றார் என்பதற்கு இடமில்லை. நிலைத்து நிற்கும் பொருளில் அசைவைக் காட்ட முயன்ற இருவர் ஒரே விடைக்கு வந்திருக்கின்றனர். தித்தியனுக்கு ஒளிரும் நீலமும் செம்மையும் துணைநின்றன. ஆனால் ஓவியத்தின் வலப்புறக் கூட்டம் சற்று நெரிசலானது. கண் அங்கே சிக்கிக்கொள்கிறது. மாமல்லபுரத்தில் இரு தலைவர்களுக்கும் நடுவே இடைவெளி விடப்பட்டுள்ளது. போரின் இறுக்கம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

எதிரே, தெற்குச் சுவரில், திருமால் அனந்தன்மீது துயில்கிறார். வடக்குச் சுவர் முழுவதும் சாய்வுக்கோடுகள் என்றால் இங்கே நீண்ட கிடைக்கோடு ஒன்றே ஆட்சி செய்கிறது. தேவி மாகாத்மியத்தில் மது, கைடபர் கதை முதலிலும் மகிஷன் கதை அடுத்தும் வருகின்றன. அவ்விரு கதைகளும் இங்கே எதிரெதிர்ச் சுவர்களில் அமைந்துள்ளன. நடுவில் நின்று முதலில் தெற்கே பார்த்துவிட்டு வடக்கே திரும்புவது நல்லது. திருமாலின் காலடியில் மதுவும் கைடபனும் தண்டங்களுடன் நிற்கிறார்கள். அவர் இன்னும் விழிக்கவில்லை.