நாள் குறித்தோர் கணக்கு

நம் ஆலங்குளத்துக்கு வடக்கே, வத்திராயிருப்பையடுத்த கிறித்தியான்பேட்டையில், அருளப்பனைச் சூழ்ந்து 1860இல் எழுந்த சமய எழுச்சி திருவிதாங்கூரையும் தொட்டது. அங்கே, தமிழ்ப் பார்ப்பனக் குடியிற் பிறந்து கிறித்தவரான யுஸ்தூஸ் யோசேப்பு, 1881இல் கிறித்து மீண்டும் வருவார் என முன்னுரைத்தார். ஆண்டு வந்தது, அவர் வரவில்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் கணக்கிட்ட 1844ஆம் ஆண்டும் அவ்வாறே கழிந்தது. “மண்ணிலன்று, விண்ணில் நிறைவேறிற்று” என்று அவர்வழி வந்தோருட் சிலர் பொருளை மாற்றினர். விடை பிழைத்ததும் வினாவைத் திருத்தும் மாணவனுக்கு மதிப்பெண் வழங்குவோமா? அந்த நாளையும் நாழிகையையும் மாந்தர் அறியார் என்று அவர்தம் மறையே கூறுகிறது. உரைகாரரோ மறையினும் மிகுதி அறிந்தவர்!

கிறித்தவரை மட்டும் நாம் குறை கூறவில்லை. 1962 பிப்ரவரியில் எட்டுக் கோள்கள் கூடுகின்றன, உலகு அழியும் என்று அஞ்சி வேள்வி வளர்த்தோரும் இந்நாட்டவரே.

இவ்வட்டாரத்தில் அழிவு எவ்வாறு வருகிறது? 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதனை இறுதிக்கால அடையாளம் என்போமாயின், குற்றவாளி தப்புவான். வானம் பழி ஏற்கும். அது விதியன்று, விதிமீறல்! உலகம் முடியும் நாளை எண்ணும் அறிவு, ஓரறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று எண்ணட்டும். உயிர்கள் பிழைக்கும்.