உரிமம் என்னும் தணிக்கை

ராக் இசையைத் தடுக்கப் பார்த்த கதைகளில் அமெரிக்கக் கதைகள்தான் பிரபலம். 1957 ஜனவரியில் எட் சல்லிவன் நிகழ்ச்சி எல்விஸ் பிரெஸ்லியை இடுப்புக்கு மேலே மட்டும் காட்டியது. 1958இல் வந்த லிங்க் ரேயின் 'ரம்பிள்' ஒரு சொல்கூட இல்லாத வெறும் கிதார் இசை. கேட்டால் பையன்கள் அடிதடிக்குக் கிளம்பிவிடுவார்கள் என்று சில நகர வானொலிகள் அதையும் ஒலிபரப்ப மறுத்தன. 'லூயி லூயி' பாட்டில் ஆபாசம் இருக்கிறதா என்று எஃப்.பி.ஐ. துப்பறிந்தது. எந்த வேகத்தில் ஓட்டினாலும் வரிகள் விளங்கவில்லை என்று கடைசியில் கோப்பை மூடியது. ஆசியாவில் விஷயம் இத்தனை வேடிக்கையாக இல்லை. பீட்டில்ஸ் பாணியில் வாசித்ததற்காக இந்தோனேசியாவின் கூஸ் சகோதரர்கள் 1965இல் மூன்று மாதம் சிறையில் கிடந்தார்கள். 1972இல் நீளமுடி வைத்திருந்த லெட் செப்பெலின் குழுவைச் சிங்கப்பூர் உள்ளே விடவில்லை.

நம் நாட்டில் ராக்கைத் தடைசெய்யும் அளவுக்கு அன்று யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டோடுதான் சண்டை. அகில இந்திய வானொலியிலிருந்து அதைக் கிட்டத்தட்ட ஒழித்துக்கட்டினார். நேயர்கள் சாஸ்திரிய சங்கீதத்துக்குத் திரும்புவதற்குப் பதிலாக முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். அதன் அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலுக்குத் தமிழ்நாடு காத்துக்கிடந்த காலத்தில், பெங்களூரில் பிட்டு என்ற பையன் அதே கொழும்பு நிலையத்தில் மேல்நாட்டுப் பாட்டுக் கேட்டு வளர்ந்தான். ட்ரோஜன்ஸ் என்ற குழுவில் பாடினான், அறுபதுகளின் பிற்பகுதியில் இங்கிலாந்துக்குப் போனான். 1974இல் உலகமே ஆடிய 'குங் ஃபூ ஃபைட்டிங்' பாட்டு அவர் தயாரித்ததுதான். ஓர் அமைச்சர் வானொலியைச் சுத்தம்செய்யப் போய் இப்படியும் ஒரு பலன்!

பெங்களூரின் உண்மையான தணிக்கை பிற்பாடு வந்தது. 1996 முதல் சுதந்திர தினத்தை ஒட்டி 'ஃப்ரீடம் ஜாம்' இசை விழா இலவசமாக நடக்கும் ஊர் அது. அரண்மனை மைதானத்தில் 2003இல் ரோலிங் ஸ்டோன்ஸும், 2007இல் அயர்ன் மெய்டனும் வாசித்தார்கள். இந்தியாவின் ராக் தலைநகரம் என்று அந்த ஊர் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோதே, கர்நாடக போலீஸ் சட்டத்தின் கீழ் 2005இல் ஓர் ஆணை பிறந்திருந்தது. லைவ் பேண்ட், காபரே, டிஸ்கோதே மூன்றும் நடத்தக் காவல் ஆணையரிடம் உரிமம் வாங்க வேண்டும். பெங்களூர் பேச்சில் 'லைவ் பேண்ட்' என்றால் பெண்கள் ஆடும் மதுக்கூடம். ஆணையின் குறி அதுதான். ஆனால் கிதாரும் டிரம்ஸுமாக மேடையேறும் நான்கு இளைஞர்களும் அதே வலையில் விழுந்தார்கள்.

2008இல் சங்கர் பிதரி ஆணையராக இருந்தபோது கெடுபிடி முற்றியது. இசைக்கலைஞர்கள் எதிர்த்துத் திரண்டார்கள். ஆணையை எதிர்த்து உணவக உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில், அது செல்லும் என்று 2018 ஜனவரி 25 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு இந்திராநகர், கோரமங்கலா பப்புகளுக்குப் போலீஸ் நோட்டீஸ் போனது, மேடைகள் மௌனமாயின. உரிமம் வாங்கலாமே என்றால், அதற்குக் கட்டடத்தின் குடிபுகும் சான்றிதழ் (ஆக்குபன்சி சர்டிஃபிகேட்) வேண்டும். பெங்களூரில் அது இல்லாத கட்டடங்கள்தான் ஏராளம்.

இந்தத் தணிக்கையில் பாட்டு என்ன சொல்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எல்விஸைத் திட்டிய பாதிரியார்கள் அவரை இன்னும் பெரிய ஆளாக்கினார்கள். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம் யாரையும் பிரபலமாக்காது. சனிக்கிழமை மேடை போய்விட்டால் புதிய குழு எங்கே பழகும்?

பப்புகளின் இரவுச் சத்தம் பற்றிய இந்திராநகர்வாசிகளின் புகாரைத் தள்ளிவிட முடியாது. தூக்கம் கெட்டவருக்குக் கலைச் சுதந்திரம் பற்றிப் பாடம் எடுப்பது அநியாயம். ஆனால் அவர்கள் குறை சத்தத்தைப் பற்றியது. அதற்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் உண்டு. குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபல் என்று அளவும் உண்டு. அளந்து பார்த்து, மீறினால் அபராதம் போடட்டும், அது கோயில் மைக்கானாலும் கல்யாண மண்டபமானாலும் ராக் மேடையானாலும். மதுக்கூட நடனத்துக்காக எழுதிய ஆணையிலிருந்து இசைக்குழுக்களைக் கர்நாடக அரசு விடுவிக்க வேண்டும்.