அறிவுப் பகிர்வும் வெகுமதியும்: 2005ஆம் ஆண்டின் மூன்று ஆய்வுகள் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களில் ஊழியர்கள் தாம் பட்டறிந்ததைப் பிறருக்கு ஏன் எடுத்துரைக்கின்றனர் என்னும் வினா மேலாண்மையியலில் தொடர்ந்து விவாதிக்கப்பட்டு வருகின்றது. 'எம்.ஐ.எஸ். குவாட்டர்லி' இதழ் 2005 மார்ச்சில் இப்பொருள் குறித்த மூன்று கட்டுரைகளை ஒருசேர வெளியிட்டது. அவற்றை ஒப்புநோக்கி, பகிர்வூக்கத்தைப் பகிர்ந்ததை மதிப்பிடும் முறையிலிருந்து பிரித்து ஆராய இயலாது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

வினாப்பட்டியல் ஆய்வுகள்

கீ-வூ பாக் குழுவினர் தென்கொரியாவின் 27 நிறுவனங்களைச் சார்ந்த 154 மேலாளர்களிடம் தரவு திரட்டினர். வெகுமதி பற்றிய எதிர்பார்ப்பு, பகிர்வின்மீதான நல்லெண்ணத்தைக் குறைக்கின்றது என்பது அவர்தம் முடிவு. அத்ரேயி கங்கன்ஹள்ளி குழுவினர் சிங்கப்பூர்ப் பொதுத்துறை அமைப்புகளில் மின்னணு அறிவுக் களஞ்சியங்களுக்குப் பங்களிப்போரை ஆராய்ந்தனர். தம் அறிவின்மீது கொண்ட நம்பிக்கையும் பிறர்க்கு உதவுவதில் காணும் மகிழ்ச்சியும் அங்கு முதன்மை பெற்றன. வெகுமதியின் விளைவோ, ஊழியர் நிறுவனத்தோடு கொண்ட ஒன்றிப்பைப் பொறுத்து மாறியது.

இவ்விரண்டும் ஊழியரின் கூற்றையே சான்றாகக் கொள்வன. 'பணத்திற்காகவே பகிர்கிறேன்' என ஒப்புக்கொள்ள எவரும் தயங்குவர். மேலும், பாக் குழுவினர் அளந்தது பகிரும் எண்ணத்தை மட்டுமே. பகிரப்பட்டது பிறர்க்குப் பயன்பட்டதா என்னும் வினா இரு ஆய்வுகளிலும் எழவில்லை.

இன்ஃபோசிஸ் தரும் படிப்பினை

அவ்வினாவை எழுப்புவது ரகு கருட், அருண் குமாரசாமி ஆகியோரின் கட்டுரையாகும். இன்ஃபோசிஸ் நிறுவனம் 'அறிவு நாணய அலகு' என்னும் புள்ளிமுறையை அறிமுகப்படுத்தியது. பங்களிப்புகள் பெருகின. அதேவேளை மதிப்பிடுவோரின் பளு கூடியது. பதிவுகளின் தரம் குறித்து ஐயம் எழுந்தது. நிறுவனம் முறையைத் திருத்தி, பயனாளர் கருத்துக்கும் பாராட்டுக்கும் இடமளித்தது. வெகுமதி இங்கு ஊக்கத்தைக் குன்றச் செய்யவில்லை. எண்ணிக்கையை நோக்கித் திருப்பியது. வினாப்பட்டியல் காட்டாத இவ்வேறுபாட்டைக் காலப்போக்கில் நிகழ்ந்தவற்றைத் தொடர்ந்து நோக்கியதே வெளிக்கொணர்ந்தது.

ஜெராக்ஸ் ஒப்பீடு

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பழுதுநீக்குநர்கள் கையேட்டைக் காட்டிலும் தமக்குள் பரிமாறிய அனுபவக் கதைகளையே நம்பினர் என்பதை மானிடவியலாளர் ஜூலியன் ஓர் 1996இல் வெளியான தம் நூலில் விளக்கினார். அந்நிறுவனத்தில் உருவான 'யுரேகா' தரவுத்தளத்தில் ஒருவர் எழுதும் குறிப்பைச் சக பணியாளர் சரிபார்த்தனர், எழுதியவர் பெயர் அதனுடன் இணைக்கப்பட்டது, பணம் வழங்கப்படவில்லை. தொழிலறிந்தோர் நடுவே கிட்டிய நன்மதிப்பே ஊக்கமாயிற்று.

ஆயினும் இதனைப் பொதுவிதியாக்க இயலாது. ஒரே வகை எந்திரத்தைப் பழுதுநீக்குவோர் ஒரு குறிப்பை உடனே சோதித்தறியலாம். வாடிக்கையாளருக்கேற்ப வேறுபடும் மென்பொருள் பணியில் அச்சோதனை எளிதன்று. எனவே, பணத்தை நீக்கினால் தரம் தானே உயரும் என்னும் முடிவு யுரேகாவிலிருந்து பெறப்படுவதன்று.

முடிவுரை

தன் தனியறிவே தன் பணிக்குக் காப்பு எனக் கருதும் ஊழியருக்குப் பகிர்வு ஓர் இழப்பாகத் தோன்றலாம். அவ்விழப்பை ஈடுசெய்வது, பகிர்ந்ததைத் தகுதியுடையோர் படித்து மதித்தனர் என்னும் உறுதியாகும். ஆகவே வருங்கால ஆய்வுகள் 'ஏன் பகிர்கிறீர்கள்?' என்பதோடு நில்லாது, பகிர்ந்ததை யார் மதிப்பிடுகின்றனர், அதற்குச் செலவாகும் நேரம் பணியாகக் கணக்கிடப்படுகின்றதா என்பவற்றையும் வினவுதல் வேண்டும்.